இழுக்காத கால்

நாற்பது வயதில், சுபாங் ஜெயாவில் ஒரு பழைய பேட்மிண்டன் மண்டபத்துத் தரையில், கையையும் காலையும் ஊன்றி நாலுகால் பிராணி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு சீனப் பெண், அவளுக்கு முன்னால் தொப்பை வைத்த ஒரு வங்கி அதிகாரி, அவருக்கு முன்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லோரும் வெள்ளைக் கால்சட்டை. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலுக்கு அடியில் நுழைத்து, இடுப்பைத் திருப்பி, மல்லாந்து, மறுபடி குப்புற விழுந்து, மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இப்படியே போக வேண்டுமாம். வீட்டில் தரை துடைக்க ஆள் வைத்திருப்பவர்கள் இங்கே காசு கொடுத்துத் தங்கள் முட்டியாலேயே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நானும் தவழ்ந்தேன். நான் கற்றுக்கொள்ள வரவில்லை. உளவு பார்க்க வந்திருந்தேன்.

அனுப்பியவர் என் கணவர். நாகையா மாஸ்டரைக் கிள்ளானில் தெரியாதவர்கள் கிடையாது. இதை அவரேதான் சொல்வார். தெங்கு கிளானா சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருபது வருடமாக டேக்வாண்டோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏறியதும் சுவரில் அவர் படம். எழுபத்தெட்டில் மாநிலப் போட்டியில் எடுத்தது. வலது கால் எதிராளியின் காதுக்கு மேலே போயிருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கால் அவ்வளவு உயரம் போனதில்லை. படத்தைத்தான் மூன்று தடவை பெரிதாக்கி மாட்டினார். அந்த மாடியில் எனக்கும் வேலை உண்டு. அடுத்த பெல்ட்டுக்குத் தேர்வு வைக்கும் கிரேடிங் நாளில் மீகூன் சேமியாப் பொட்டலம் கட்டுவது, புதுப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கும் யூனிஃபார்ம்களைத் துவைத்து மடிப்பது, கிழிந்ததைத் தைப்பது. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் அவர் என்னைப் பார்த்து, நீயும் வந்து நில்லேன் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் நானாகப் போய் வாங்கிக்கொள்ள மனசில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் நடுவில் பிள்ளைகள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். முதலில் போனவன் பாலன். இருபத்தாறு வயது, இன்சூரன்சில் வேலை, மாஸ்டரிடம் பிளேக் பெல்ட் வாங்கியவர்களிலேயே கெட்டிக்காரன். அவனைத் தொடர்ந்து இன்னும் நாலு பேர். சுபாங் ஜெயாவில் ஏதோ பிரேசில் நாட்டுச் சண்டையாம், காப்போயெரா என்று பேராம், மேளம் அடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டே போடுவார்களாம் என்று சேதி வந்தது.

"பாட்டுப் பாடிக்கிட்டு எவன்யா சண்டை போடுவான்? கரகாட்டமா இது?" என்றார் மாஸ்டர். ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அவரே போய் எட்டிப் பார்த்தால் கௌரவம் என்னாவது? மூன்றாம் நாள் தேநீர் குடிக்கும்போது என்னைப் பார்த்தார். பொருத்தமான ஒரு சாமான் வீட்டுக்குள்ளேயே கிடந்ததை அப்போதுதான் கண்டவர் மாதிரி இருந்தது முகம்.

"நீ போ. போய்ச் சேந்து, என்னா செய்றாங்கன்னு பாத்துட்டு வா. ஒன்னையப் பாத்தா எவனும் எதும் நெனைக்க மாட்டான் லா."

இதை அவமானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. யோசனையாகத்தான் சொன்னார். அவருடைய விசேஷமே அதுதான்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் ஏறிப் போனேன். மகன் ஸ்கூடாயில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போன பிறகு எனக்குச் சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கவேண்டிய அவசியம் எதுவுமில்லை. மண்டபத்தில் பாலன் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான்.

"ஆன்டி, மாஸ்டர் அனுப்புனாரா?"

"ஆமா" என்றேன். பொய் சொல்லுமளவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

அவன் தலையைச் சொறிந்தான். "பரவால்ல, இருங்க. ஆனா பாத்தத அப்பிடியே போய்ச் சொல்லுங்க. கூட்டிக் கொறைச்சு சொல்லாதீங்க."

வாத்தியார் ஒரு பெண். லூசியா என்று பேர். பிரேசில்காரி, ஐம்பது வயதிருக்கும். நம்மைவிடக் கறுப்பு, ஒட்டிய கன்னம், ஒட்ட வெட்டிய நரைமுடி. புருஷன் ஷா ஆலாமில் ஏதோ தொழிற்சாலையில் இன்ஜினியர். அவளுக்கு என் அளவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும், அதனால் மற்றவர்களைவிட எனக்கு அவள் பேச்சு சீக்கிரம் புரிந்தது. வகுப்பு நடுவில் வெளியே போய்ச் சாக்கடை ஓரம் நின்று சிகரெட் பிடித்துவிட்டு வருவாள். அன்று சாயந்திரம் வீட்டில் முதல் தகவலாக, "வாத்தியார் ஒரு பொம்பளைங்க" என்றேன். மாஸ்டருக்குத் தேநீர் புரையேறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாலன் பொம்பளக்கிட்டயா போயிட்டான்?" அன்று இரண்டு தட்டுச் சோறு இறங்கியது.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கூத்து. அங்கே நான் அசைவது, இங்கே வந்து அசைந்து காட்டுவது. அந்த ஆட்டத்துக்கு அடிப்படை ஜிங்கா என்பது. வலது காலைப் பின்னால் வைத்து, திரும்பக் கொண்டுவந்து, இடது காலைப் பின்னால் வைத்து, கையை முகத்துக்கு முன்னால் மாற்றி மாற்றிக் கொண்டுபோய், ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நிற்கவே கூடாது. மாஸ்டரின் மாடியில் முதல் பாடம் தூண் மாதிரி நிற்பது. இங்கே தூணாக நின்றால் லூசியா பக்கத்தில் வந்து இடுப்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். நான் ஹாலில் ஆடிக் காட்டியபோது மாஸ்டர், "வாத்து" என்றார். அடுத்த வாரம் தனியாகச் சிரித்து அலுத்துவிட்டதோ என்னவோ, உதவி மாஸ்டர் சபாபதியை வரவழைத்தார். "சபா, ஒக்காருங்க. ஆன்டி ஆடுறத பாருங்க." சபாபதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் காட்டும் மரியாதையாம்.

அவர்கள் சிரிப்பதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நானும் அந்த வகுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வட்டமாக நின்று கைதட்டுவார்கள். பல் மருத்துவர் ஒருத்தி, கணக்காளர் ஒருத்தன், வெள்ளைக்காரக் கம்பெனியில் மேனேஜர் ஒருத்தர், எல்லோரும் அர்த்தம் தெரியாத பாஷையில் வாயைத் திறந்து பாடுவார்கள். அடிமைகள் பாடிய பாட்டாம். கையில் விலங்கு போட்டவர்கள் எஜமானுக்குத் தெரியாமல் சண்டையை ஆட்டமாக மறைத்துப் பழகினார்களாம். வங்கி அதிகாரி இதை எனக்கு விளக்கும்போது கண் கலங்கினார். அவர் கார் கதவைத் திறந்துவிட ஒரு டிரைவர் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

வாத்தியங்களில் பெரியது பெரிம்பாவ். ஆளுயர வில். நாணுக்குப் பதில் ஒரு இரும்புக் கம்பி, கீழே ஒரு சுரைக்குடுக்கை. இடது கையில் வில்லையும் ஒரு கல்லையும் சேர்த்துப் பிடித்து, வலது கையில் குச்சியால் தட்ட வேண்டும். இருப்பது இரண்டரைச் சுரம். அந்த இரண்டரைக்குத்தான் மொத்த வட்டமும் அடங்கி நடக்கும்: அது மெதுவாகத் தட்டினால் ஆட்டம் மெதுவு, அது நின்றால் ஆட்டம் நின்றது. ஒரு நாள் கம்பி அறுந்துவிட்டது. டயருக்குள் இருக்கும் கம்பிதான் வேண்டும், கடையில் கிடைக்காது என்று லூசியா கையை விரித்தாள். அடுத்த வாரம் மாஸ்டரின் மாடிக்குக் கீழே இருக்கும் கடையில் சீனக் கிழவரிடம் தேய்ந்த டயர் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாலன் காரில் போட்டு அனுப்பினேன். ஏன் செய்தேன் என்று அப்போது கேட்டிருந்தால், உளவாளி நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டாமா என்று சொல்லியிருப்பேன். லூசியா டயரின் ஓரத்தைக் கத்தியால் கிழித்துக் கம்பியை உருவினாள். உப்புத்தாளால் தேய்த்தாள். வில்லில் கட்டித் தட்டியபோது ஒரு மாதிரி விம்மிக்கொண்டு வந்தது சத்தம். அன்று சாயந்திரம் மாஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

அங்கே எல்லோரும் எல்லா வாத்தியத்தையும் பழக வேண்டும் என்பது விதி. நான் மேளத்தை மட்டும் தொடவில்லை. நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் தோல் மேளம், கையாலேயே அடிப்பது. லூசியா கூப்பிடும்போதெல்லாம் கை வலி என்பேன். காரணம் வேறு. என் அப்பா சின்னையா காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், சாவு விழுந்தால் தப்பு அடித்தார். பெண் பார்க்க வந்தபோது இது தெரிந்து மாஸ்டரின் அம்மா மூக்கைச் சுளித்தார். மாஸ்டர், "அதெல்லாம் நா பாக்கறதில்ல" என்று பெரிய மனது பண்ணிக் கட்டிக்கொண்டார். அந்தப் பெரிய மனதை வாரம் ஒரு தடவையாவது எனக்கு ஞாபகப்படுத்தி வந்தார். சோற்றுப் பானை கை தவறி விழுந்தாலும், "தப்படிச்சவன் மவதானே, சத்தமில்லாம ஒரு வேல செய்ய முடியாதே" என்பார். அப்பா என்னை வாத்தியத்தின் பக்கம் விட்டதில்லை. ஆனால் தோலைத் தீயில் காட்டிக் காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். காதைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்?

ஏழாவதோ எட்டாவதோ சனிக்கிழமை. வங்கி அதிகாரி மேளத்தில் நின்றார். எண்ணி எண்ணி அடித்தார், உதடு அசைவது தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்றில் ஒரு தடுமாற்றம், மறுபடி ஒன்று. கோழியைச் சரியாக அறுக்கத் தெரியாதவன் கத்தியை வைத்து அறுப்பது போல, தாளத்தை உயிரோடு வதைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எக்ஸ்கியூஸ் மீ, தள்ளுங்க" என்றேன். தள்ளினார். நான் அடித்தேன். ஆசையால் அடித்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆள் அடித்ததன் மேலிருந்த இளக்காரத்தால் அடித்தேன். ஆனால் நாலு சுற்றுக்குப் பிறகு அந்த ஆள் ஞாபகத்தில் இல்லை. லூசியா பாராட்டவில்லை. தாடையை லேசாகத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு வில்லின் வேகத்தைக் கூட்டினாள். நான் விடவில்லை. மறுபடி கூட்டினாள்.

வகுப்பு முடிந்து சாக்கடை ஓரம் அவள் கேட்டாள். "ஹூ டீச் யூ?"

"மை ஃபாதர்."

"மியூசிஷியன்?"

யோசித்தேன். "ஃபார் டெட் பீப்பிள்" என்றேன்.

அவள் மூக்கைச் சுளிக்கவுமில்லை, கண் கலங்கவுமில்லை. சிகரெட்டைப் பற்ற வைத்தாள். "மை ஃபாதர், பஸ் டிரைவர்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த மாதத்தில் ஒரு நாள் வட்டத்துக்குள் லூசியாவே என்னோடு ஆடினாள். நான் காலை வீசினேன். அவள் குனிந்து அடியில் போனாள். போன வேகத்தில் அவள் பாதம் என் ஊன்றிய காலின் குதிகாலுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கொக்கி மாதிரி. என் மொத்த எடையும் அந்த ஒற்றைக் காலில். விழப்போகிறேன் என்று தெரிந்தது. அவள் இழுக்கவில்லை. ஒரு கணம் அப்படியே வைத்திருந்து, என்னைப் பார்த்து, பாதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் பாலன் சொன்னான். "இழுத்திருந்தா விழுந்திருப்பீங்க, எந்திரிச்சிருப்பீங்க, முடிஞ்சிருக்கும். இழுக்காம விட்டாங்க பாருங்க ஆன்டி, அதுதான் இங்க பெரிய அடி. ஒன்னிய விழ வைக்கக்கூட வேணாம்னு அர்த்தம்."

வீட்டில் என் அறிக்கைகள் சுருங்கின. "அதே குதிப்புதாங்க." "புதுசா ஒண்ணுமில்ல." மாஸ்டர் திருப்தியாகத் தலையாட்டுவார். பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நம்பினார்.

நவம்பரில் கிரேடிங். ஞாயிற்றுக்கிழமை காலை, மாடி நிறையப் பிள்ளைகள், சுவர் ஓரம் தாய் தகப்பன்மார். நான் பின்னறையில் மீகூன் கட்டிக்கொண்டிருந்தேன். தகப்பன் ஒருவர் மாஸ்டரிடம் கேட்பது காதில் விழுந்தது. "மாஸ்டர், சுபாங்ல ஏதோ புதுசா வந்துருக்காமே. பையன் அங்க போறேன்னு அடம் பிடிக்கிறான்."

"காட்டுறேன், இருங்க" என்றார் மாஸ்டர். குரலை உயர்த்தினார். "சீதா! இங்க வா."

கையைக் கழுவிவிட்டு வந்தேன். பஞ்சாபி சூட்டின் துப்பட்டாவைக் கழற்றிச் சன்னலில் போட்டேன். மாஸ்டர் நடுவில் நின்றார், வெள்ளை யூனிஃபார்ம், கறுப்பு பெல்ட், கஞ்சி போட்ட மடிப்பு கலையாமல். "என் வைஃப் மூணு மாசம் அங்க படிச்சிருக்காங்க. எல்லாரும் பாத்துக்குங்க, அதுக்கு மேல ஒங்க இஷ்டம்." கொஞ்சம் நிறுத்தி, "இதுக்கு மேளம் வேணும். ஒங்கப்பா இருந்திருந்தா கூப்பிட்டிருக்கலாம்" என்றார்.

விஷயம் தெரிந்த ஐந்தாறு பேர் சிரித்தார்கள். தெரியாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் ஜிங்காவில் இறங்கினேன். மேளம் இல்லை, வில் இல்லை, கூரையில் காற்றாடிச் சத்தம் மட்டும். ஆனாலும் எனக்குள் ஒரு தாளம் ஓடியது. அது லூசியாவுடையதா அப்பாவுடையதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாஸ்டர் முதல் உதையை மெதுவாக, வேடிக்கைக்காக விட்டார். குனிந்தேன். சிரிப்பு. இரண்டாவது கொஞ்சம் வேகம். கையை ஊன்றிப் பக்கவாட்டில் போனேன். இன்னும் பெரிய சிரிப்பு. ஒரு பிள்ளை குரங்கு மாதிரி சத்தம் போட்டது. மூன்றாவது உதை விளையாட்டில்லை. பத்தொன்பது வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு அந்த மூச்சை இழுக்கும் விதத்திலேயே தெரியும். விலா எலும்பைத் தேடி வந்தது கால். நான் அங்கே இல்லை. தரையோடு தரையாக இருந்தேன், ஒரு கை ஊன்றி, என் வலது பாதம் அவருடைய குதிகாலுக்குப் பின்னால்.

ஒரு விரற்கடை இழுத்தால் போதும். ஒரு கால் காற்றில் இருக்க, அறுபது பேர் பார்க்க, நாகையா மாஸ்டர் பின்மண்டை அடிபட விழுவார். அண்ணாந்து பார்த்தேன். அவர் குனிந்து பார்த்தார். நெற்றியில் வியர்வை. உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் கண் அதை விட்டுவிட்டிருந்தது. சட்டென்று அவர் எவ்வளவு சாதாரணமான ஆள் என்று தெரிந்தது. இவரைத் தள்ள இவ்வளவு பாடுபட வேண்டுமா என்றிருந்தது. பாதத்தை எடுத்துக்கொண்டேன். அவசரப்படாமல் எடுத்தேன், அவருக்குப் புரியட்டும் என்று.

மாஸ்டர் காலைக் கீழே வைத்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா? காலக் கொண்டாந்து வெச்சிட்டு, அடுத்து என்னா செய்றதுன்னு தெரியல!"

எல்லோரும் கைதட்டினார்கள். கேள்வி கேட்ட தகப்பனும் தட்டினார். சபாபதி மட்டும் ஓரத்தில் நின்று மாஸ்டரின் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்தவில்லை. பொத்துவதற்குச் சிரிப்பு இல்லை. நான் போய் மிச்ச மீகூனைக் கட்டினேன்.

மூன்று நாள் அவர் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார். புதன்கிழமை சாயந்திரம் நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார்.

"ஏன் இழுக்கல?"

நான் திரும்பவில்லை. "யூனிஃபார்ம் அழுக்காயிருக்கும். அப்புறம் நாந்தான தொவைக்கணும்."

அவர் அங்கேயே நின்றார். இனிமேல் சுபாங்குக்குப் போகாதே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்கொரு பதில் மூன்று நாளாகத் தயாராக வைத்திருந்தேன், நல்ல பதில். அவர் சொல்லவில்லை. "உப்பு கம்மியா போடு, பிரஷர் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை போனேன். லூசியாவுக்குக் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் வகுப்பை முடித்துவிட்டாள். கிள்ளானில் இறங்கும்போது நல்ல மழை. கிரேடிங்குக்குக் கொடுத்த இரவல் யூனிஃபார்ம்கள் மாடியில் கிடந்தன, எடுத்துக்கொண்டு போகலாமென்று ஏறினேன். அந்த நேரத்தில் அங்கே வகுப்பு கிடையாது. ஆனால் மேலே பலகைத் தரையில் ஒரு காலடி கேட்டது. ஒரு தடவை, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தடவை. படி திரும்பும் இடத்தில் நின்றுவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் கூடத்தின் பாதி தெரியும்.

மாஸ்டர் தனியாக இருந்தார். யூனிஃபார்ம் இல்லை, வீட்டில் கட்டும் சாரமும் பனியனும். சன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வலது காலை உதைப்பது போலத் தூக்கினார். தூக்கி, அந்தரத்தில் நிறுத்தி, ஊன்றிய இடது காலைப் பட்டென்று ஒரு சாண் நகர்த்தினார். தடுமாறினார். கம்பியைப் பிடித்து நிமிர்ந்தார். மறுபடி. குதிகாலையே குனிந்து பார்த்தபடி செய்ததால் ஒவ்வொரு தடவையும் நிலை தப்பியது. நிமிர்ந்து பார்க்க வேண்டும், இடுப்பைத் தளர விட வேண்டும். சொல்லித் தர ஒரு நிமிடம் போதும். எனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. நான் படியில் மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை.

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் பனியனால் முகத்தைத் துடைத்தார். கம்பியை விட்டார். பிடிமானமில்லாமல் ஒற்றைக் காலில் நின்று, அங்கே இல்லாத ஒரு பாதத்திலிருந்து தன் குதிகாலை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார்.